‘ரா’ ஃபைலாக எடுத்தும் படம் மங்கல். இப்போது அந்த ஃபைல்களையும் கேட்கிறார்கள்

தென் மாவட்டச் சிறுநகர் ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாகக் கல்யாண போட்டோ எடுத்துவரும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரிடம் இருப்பது 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமரா, இரண்டு கார்டு ஸ்லாட் கொண்டது. சமீபகாலம் வரை எல்லாமே ஜேபெக் ஃபைனில்தான் (கேமராவே சுருக்கித் தரும் வழக்கமான பட ஃபைல், உயர்ந்த தரத்தில்) எடுத்திருக்கிறார். அண்மையில் ஒரு விடியற்காலை முகூர்த்தம். மண்டபத்தில் மஞ்சள் பல்புகள், மேடையில் கலர் எல்.இ.டி. மணப்பெண்ணின் அரக்கு நிறக் கூரைப்புடவை ஜரிகையும் மடிப்பும் தெரியாமல் ஒரே சிவப்புப் பூச்சாக வந்துவிட்டது, முகங்கள் ஆரஞ்சு. “ரா ஃபைலாக எடுத்திருந்தால் சரிசெய்திருக்கலாமே” என்று மாப்பிள்ளையின் உறவினர் ஒருவர் எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார்.

அடுத்த கல்யாணத்துக்கு ராவும் (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ஃபைல்) ஜேபெக்கும் சேர்த்து எடுத்தார். 32 ஜிபி கார்டு 600 படம்கூட ஆகாமல் நிரம்பியது. தாலி கட்டும் நேரத்தில் கேமரா சில நொடிகள் உறைந்து நின்றது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் திறந்தால் ஜேபெக்கைவிட ரா மங்கலாகத் தெரிந்தது. போதாக்குறைக்கு இந்த இரண்டாவது வீட்டார், “எல்லா போட்டோவும் தருவதாகத்தானே வாட்ஸ்அப்பில் சொன்னீர்கள், ரா ஃபைல்களையும் சேர்த்துக் கொடுங்கள்” என்று பாக்கிப் பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

அவர் கேட்பவை: ரா உண்மையிலேயே உயர்ந்ததா, வெறும் பேச்சா? பழைய ஜேபெக்குகளை ராவாகவோ டிஃப் என்ற இன்னொரு ஃபைல் வகையாகவோ மாற்றினால் புடவை திரும்பி வருமா? ஒவ்வொரு முறை காப்பி செய்யும்போதும் ஜேபெக் தேய்கிறது என்கிறார்களே, சரியா? கேமராவும் உழைப்பும் தன்னுடையவை என்பதால் உரிமையும் தன்னுடையதுதானே, ராவைக் கொடுக்க மறுக்கலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கல்யாணங்கள். இரண்டிலும் பழியை ஃபைல் வகையின் மேல் போட்டிருக்கிறீர்கள். முதலாவதில் அது பாதிக் காரணம். இரண்டாவதில் நடந்ததற்கெல்லாம் கேமரா மெனுவும் மென்பொருள் மெனுவும்தான் பொறுப்பு. அவற்றைப் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். பாக்கிப் பணத்துக்கு மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

கேமராவுக்குள் நடப்பது

சென்சாருக்கு நிறம் தெரியாது, வெளிச்சத்தின் அளவுதான் தெரியும். அதனால் ஒவ்வொரு பிக்சலின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஏதோ ஒரு வடிகட்டி இருக்கும். கோடாக்கின் பிரைஸ் பேயர் 1976இல் பேட்டன்ட் பெற்ற இந்த அமைப்பைத்தான் பெரும்பாலான கேமராக்கள் இன்றும் பயன்படுத்துகின்றன: பாதிப் பிக்சல்கள் பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். உங்கள் 24 மெகாபிக்சலில் சிவப்பை நேரடியாக அளப்பவை ஆறு மெகாபிக்சல்தான். அந்த அளவுகளை 12 அல்லது 14 பிட் எண்களாக அப்படியே எழுதி வைத்தால் அது ரா.

ஜேபெக் கேட்டால் கேமரா அத்துடன் நிற்காது. அக்கம்பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து, விடுபட்ட இரண்டு நிறங்களையும் கணக்கிடும். நீங்கள் வைத்த ஒயிட் பேலன்ஸுக்கு (எந்த வெளிச்சத்தில் வெள்ளை வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்ற அமைப்பு) ஏற்ப சிவப்பையும் நீலத்தையும் பெருக்கும். கான்ட்ராஸ்ட், சாச்சுரேஷன், ஷார்ப்னஸ், நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான பிசிறு) நீக்கம் எல்லாவற்றையும் போட்டு, நிறத்துக்கு 256 படிகள் மட்டும் உள்ள 8 பிட்டுக்கு இறக்கும். கடைசியில் 1992இல் வந்த ஜேபெக் தரநிலைப்படி படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண் எளிதில் கவனிக்காத நுணுக்கங்களைக் கழித்துச் சுருக்கும். நிற விவரத்தைப் பிரகாச விவரத்தைவிடக் குறைந்த ரெசல்யூஷனில் வைப்பதும் வழக்கம். இவ்வளவும் நொடியில் ஒரு பகுதிக்குள் முடியும். கழித்தது திரும்ப வராது.

ரவிக்கையில் உள்ளே துணி விட்டுத் தைத்தால் பிறகு பிரித்துக்கொள்ளலாம். ரா அப்படிப்பட்டது. ஜேபெக், ஓரத்தை வெட்டிவிட்டுத் தைத்த ரவிக்கை. அளவு சரியாக எடுத்திருந்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் பொருந்தும்.

“14 பிட்டில் 16,384 படிகள், ஜேபெக்கில் 256, ஆகவே ரா 64 மடங்கு தரம்” என்று விற்பனையாளர்கள் சொல்வதை நம்பாதீர்கள். ராவில் படிகள் வெளிச்சத்துக்கு நேர் விகிதத்தில் அமைந்தவை. மிகப் பிரகாசமான ஒரு ஸ்டாப் (வெளிச்சம் இரட்டிப்பாகும் ஒரு அளவு) மட்டுமே 8,192 படிகளை எடுத்துக்கொள்ளும். அடுத்த ஸ்டாப்புக்கு 4,096, அதற்கடுத்ததற்கு 2,048 என்று பாதி பாதியாகக் குறையும். ஜேபெக்கின் 256 படிகளோ கண்ணின் தன்மைக்கேற்ப வளைத்துப் பங்கிடப்பட்டவை. சரியான எக்ஸ்போஷரில் எடுத்த படத்தை 12×18இல் அச்சிட்டால் எது ரா, எது ஜேபெக் என்று சொல்வது கடினம். படத்தைத் தள்ளி இழுத்துத் திருத்த வேண்டி வரும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

ராவிலும் சுருக்கம் உண்டு

ரா என்றால் சுருக்கப்படாதது என்று எழுதியிருக்கிறீர்கள். கேமராவைப் பொறுத்து மூன்று வகை உண்டு. சுருக்கமே இல்லாதது முதல் வகை. ஒரு எண்ணும் இழக்காமல் சுருக்குவது இரண்டாவது. மெனுவில் ‘லாஸ்லெஸ் கம்ப்ரெஸ்டு’ என்றிருக்கும். மூன்றாவது, சிறிது இழப்புடன் சுருக்குவது. சில கேமராக்களில் வெறுமனே ‘கம்ப்ரெஸ்டு’ என்றும், கேனனில் ‘சி-ரா’ என்றும் இருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 மெகாபிக்சலை 14 பிட்டில் சுருக்காமல் வைத்தால் 42 எம்பி. ஃபைலுக்குள்ளேயே இருக்கும் முன்னோட்ட ஜேபெக்கும் மற்ற தகவல்களும் சேர்ந்தால் 45ஐத் தாண்டும். கூட ஒரு 10 எம்பி ஜேபெக். ஒரு கிளிக்குக்கு 55 எம்பி. 32 ஜிபி கார்டு 580 படத்தில் நிரம்பும். உங்கள் கார்டு 600க்குள் நிரம்பியதிலிருந்தே தெரிகிறது: கேமரா சுருக்கமில்லாத ராவில் இருந்திருக்கிறது, இரண்டு வகை ஃபைலையும் ஒரே கார்டில் எழுதியிருக்கிறது. லாஸ்லெஸுக்கு மாற்றினால் ரா பெரும்பாலும் 25 முதல் 30 எம்பிக்குள் அடங்கும், தரத்தில் ஒரு துளியும் குறையாது. உங்கள் கேமராவில் அந்த வசதி இருந்தால் சுருக்கமில்லாத ராவைத் தேர்வு செய்ய எந்தக் காரணமும் இல்லை. இழப்புள்ள வகைகூடக் கல்யாண வேலைக்குப் போதும். நிழலை மூன்று நான்கு ஸ்டாப் தூக்கினால்தான் அதன் குறை தென்படும்.

கேமரா உறைந்ததும் இதன் தொடர்ச்சிதான். நொடிக்குப் பத்துப் படம் எடுத்தால் 550 எம்பி வந்து குவியும். வி30 என்று அச்சிட்ட கார்டு நொடிக்கு 30 எம்பிக்கு மட்டுமே உத்தரவாதம் தருகிறது. பஃபர் (கார்டில் எழுதும் வரை படங்கள் காத்திருக்கும் தற்காலிக நினைவகம்) நிரம்பியதும் கேமரா நிற்கத்தான் செய்யும். வி60 அல்லது வி90 கார்டு வாங்குங்கள், ஆனால் அதற்கு முன் உங்கள் ஸ்லாட் வேகமான யுஎச்எஸ்-2 வகைதானா என்று பாருங்கள். யுஎச்எஸ்-1 ஸ்லாட்டில் விலை உயர்ந்த கார்டைப் போட்டாலும் பழைய வேகம்தான். சில கேமராக்களில் ஒரு ஸ்லாட் வேகமானது, இன்னொன்று மெதுவானது. இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதும்போது மெதுவான ஸ்லாட்தான் வேகத்தைத் தீர்மானிக்கும். தாலி கட்டும் நேரத்தில் விரலை அழுத்திப் பிடிக்காமல் மூன்று நான்கு படமாக விட்டுவிட்டு எடுப்பது எந்தக் கார்டுக்கும் நல்லது.

கூரைப்புடவைக்கு என்ன ஆனது

இதில் மூன்று தவறுகள் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன.

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள்; மஞ்சள் பல்பின் வெளிச்சம் 2700 முதல் 3000 கெல்வின் வரை. அதில் சிவப்பு மிகுதி, நீலம் குறைவு. முகம் ஆரஞ்சாக வந்ததைப் பார்த்தால் ஒயிட் பேலன்ஸ் பகல் வெளிச்சத்தை ஒட்டியே இருந்திருக்கிறது. ஏற்கெனவே மிகுந்திருந்த சிவப்பைக் கேமரா மேலும் பெருக்கியிருக்கிறது. அதோடு ‘விவிட்’ அல்லது ‘ஸ்டாண்டர்டு’ பிக்சர் ஸ்டைல் சாச்சுரேஷனை இன்னும் ஏற்றியிருக்கும். மூன்றாவதாக, அரக்கும் குங்குமச் சிவப்பும் எஸ்ஆர்ஜிபி (பெரும்பாலான திரைகளும் லேப்களும் பயன்படுத்தும் நிறத் தொகுப்பு) நிற எல்லையின் விளிம்பிலோ வெளியிலோ நிற்பவை. இவை சேர்ந்ததும் சிவப்பு சானல் உச்ச எண்ணான 255ஐத் தொட்டு நின்றுவிடும், பச்சையும் நீலமும் பூஜ்ஜியத்தை ஒட்டிவிடும். மடிப்பின் மேடும் பள்ளமும் ஒரே எண்ணானால் கண்ணுக்கு அது பூச்சாகத்தானே தெரியும்?

“ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) சரியாகத்தான் இருந்தது” என்று நீங்கள் எழுதியிருப்பதை நம்புகிறேன். நீங்கள் பார்த்தது ஒற்றை வெள்ளைக் கோடு. அந்தக் கணக்கில் பச்சைக்கு ஏறக்குறைய 60 சதவீதம் எடை, சிவப்புக்கு 30தான். சிவப்பு வழிந்து ஓடினாலும் அது நடுவில் நல்ல பிள்ளையாகக் காட்டும். மூன்று நிறத்துக்கும் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைத் திறந்து வையுங்கள். சிவப்பு வலது சுவரில் ஒட்டினால் மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்து எடுங்கள். பட்டுப்புடவைக் கல்யாணத்துக்கு இதைவிடப் பயனுள்ள பழக்கம் வேறில்லை. ஜேபெக்கோ ராவோ, இரண்டுக்கும் பொருந்தும்.

ராவில் எடுத்திருந்தால்? ஒயிட் பேலன்ஸும் பிக்சர் ஸ்டைலும் ரா எண்களைத் தொடுவதில்லை. வெறும் குறிப்பாக ஃபைலில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே முதல் இரண்டு தவறும் இழப்பில்லாமல் திருத்தக்கூடியவை. சிவப்புப் பிக்சல்கள் சென்சாரிலேயே நிரம்பியிருக்காவிட்டால் மடிப்புகள் உயிரோடு இருக்கும். ஆனால் மூன்றாவது பிரச்சினை கடைசியில் காத்திருக்கும். அச்சிடும் லேபுக்கு எஸ்ஆர்ஜிபி ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்யும்போது அதே சிவப்பு மறுபடி விளிம்பில் முட்டும். லைட்ரூம் என்ற திருத்தும் மென்பொருளில் ‘சாஃப்ட் ப்ரூஃபிங்’கை (எக்ஸ்போர்ட் எப்படி வரும் என்று முன்பே திரையில் காட்டும் வசதி) எஸ்ஆர்ஜிபிக்கு வைத்துப் பார்த்து, சிவப்பின் சாச்சுரேஷனை 10 முதல் 20 வரை குறைத்து, லூமினன்ஸையும் சிறிது இறக்கி அனுப்புங்கள். இதைச் செய்யாமல் “ராவில் எடுத்தும் புடவை பூச்சாகவே அச்சாகிறது” என்று லேபைத் திட்டுபவர்கள் பலர்.

இப்போது கையில் இருக்கும் ஜேபெக்குகள். அவற்றை அடோபியின் ரா வகையான டிஎன்ஜி ஆக மாற்றினாலும் டிஃப் ஆக மாற்றினாலும் போன விவரம் வராது, ஃபைல்தான் பெருக்கும். ஆனால் திருத்துவதற்கு முன் 16 பிட்டுக்கு மாற்றிக்கொள்வது வீணில்லை. திருத்தும்போது மேலும் படிகள் உடைவதைத் தடுக்கும். புடவையைப் பொறுத்தவரை ஒரே ஒரு வழியை முயன்று பாருங்கள். போட்டோஷாப்பில் சானல் பேனலைத் திறந்து பச்சை சானலை மட்டும் பாருங்கள். அதில் மடிப்புகள் லேசாகவாவது தெரிந்தால் பிழைத்தீர்கள். அந்த சானலை நகலெடுத்துப் புதிய லேயராக ஒட்டி, பிளெண்ட் மோடை ‘லூமினாசிட்டி’ ஆக்கி, ஒபாசிட்டியை 20 முதல் 40 வரை வைத்து, மாஸ்க் போட்டுப் புடவையில் மட்டும் விடுங்கள். சிவப்பு சற்று ஆழமாகும், ஜரிகைக் கரையும் மடிப்பும் மேலே வரும். பச்சை சானலும் முழுக் கறுப்பாக இருந்தால் அந்தப் படத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஆல்பத்துக்கு எடுத்த 150, 200 படங்களில் மட்டும் இதைச் செய்தால் போதும்.

காப்பி செய்வதால் ஜேபெக் தேயாது. பென்டிரைவில் நூறு முறை மாற்றினாலும் கடைசி எண் வரை அதே ஃபைல்தான். திறந்து, திருத்தி, மறுபடி ஜேபெக்காகவே சேமிக்கும் ஒவ்வொரு முறையும்தான் இழப்பு. மூல ஃபைலைத் தொடாமல் வைத்துக்கொண்டு, திருத்தத்தைப் போட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைலாக வையுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்புவது வேறு கதை: அது படத்தைச் சிறிதாக்கி மீண்டும் சுருக்கிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் ஃபைல் அப்படியே போகும்.

ரா காப்பாற்றாதவை

ராவைப் பற்றிய பேச்சில் அடிபட்டுப்போகும் விஷயம் இது. ஃபோகஸ் தவறினாலும் கை ஆடினாலும் ரா உதவாது. வெள்ளை வேட்டியிலோ நெற்றித் திருநீற்றிலோ மூன்று நிறமும் சென்சாரிலேயே நிரம்பிவிட்டால் அங்கே எண் எதுவும் மிச்சம் இருக்காது. ஜேபெக்கில் வெளுத்ததாகத் தெரிவதில் ஒரு ஸ்டாப் அளவுக்கு ராவில் திரும்பக் கிடைக்கலாம். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். இருட்டாக எடுத்துப் பிறகு தூக்குவதும் இலவசமில்லை, நாய்ஸும் கூடவே எழுந்து வரும்.

மேடையின் கலர் எல்.இ.டி. தனித் தலைவலி. முழு நீல வெளிச்சத்திலும் மெஜந்தா வெளிச்சத்திலும் மற்ற அலைநீளங்கள் போதுமான அளவு இல்லை. இல்லாத வெளிச்சத்தை ஒயிட் பேலன்ஸால் உண்டாக்க முடியாது. முகூர்த்த நேரம் வரைக்குமாவது கலர் விளக்கை அணைத்து வெள்ளையில் வைக்கும்படி மேடை லைட்காரரிடம் முன்கூட்டியே பேசுங்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் முடிகிற வேலை, இரண்டு நாள் எடிட்டிங்கை மிச்சப்படுத்தும். மஞ்சள் பல்பும் உங்கள் ஃபிளாஷும் கலந்தால் முன்னால் இருப்பவர் நீலமாகவும் பின்னணி ஆரஞ்சாகவும் தெரியும். ஃபிளாஷின் மேல் சிடிஓ என்ற ஆரஞ்சு ஜெல் போட்டு, ஒயிட் பேலன்ஸை 3000, 3200 கெல்வினுக்கு இறக்கினால் இரண்டும் ஒன்றாகும். படத்தில் கிடைமட்டப் பட்டைகள் வந்தால் காரணம் மின்சாரம்: நம் 50 ஹெர்ட்ஸில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும், ஷட்டரை 1/100 அல்லது 1/50இல் வையுங்கள். எலெக்ட்ரானிக் ஷட்டரைத் தவிருங்கள்.

மெனுவில் இன்னும் ஒன்று. நிக்கானின் ‘ஆக்டிவ் டி-லைட்டிங்’, கேனனின் ‘ஹைலைட் டோன் பிரையாரிட்டி’ போன்றவை ஜேபெக்கை மட்டும் பாதிப்பவைபோலத் தோன்றினாலும் எக்ஸ்போஷரையும் குறைத்துவிடுகின்றன. ராவில் எடுக்கும்போது அணைத்து வையுங்கள்.

மங்கலாகத் தெரிந்தது ஏன்

கேமராத் திரையில் நீங்கள் பார்ப்பது ராவையே அல்ல, அதற்குள் பொதிந்த ஜேபெக்கை. லைட்ரூமில் திறந்ததும் முதலில் அதுவே பளிச்சென்று வரும். பிறகு மென்பொருள் தன் சொந்தக் கணக்கில் படத்தை வரைந்ததும் மங்கும். தரம் குறையவில்லை, உங்கள் கேமரா நிறுவனத்தின் சமையல் குறிப்பு அதில் இல்லை, அவ்வளவுதான். ‘புரொஃபைல்’ இடத்தில் ‘அடோபி கலர்’ என்று இருப்பதை ‘கேமரா ஸ்டாண்டர்டு’ அல்லது ‘கேமரா போர்ட்ரெய்ட்’ ஆக மாற்றி, இம்போர்ட் பிரீசெட்டாகச் சேமித்தால் எல்லாப் படத்துக்கும் தானாக வரும். நிக்கானின் என்எக்ஸ் ஸ்டுடியோ, கேனனின் டிஜிட்டல் போட்டோ புரொஃபெஷனல் இரண்டும் இலவசம். கேமரா நிறத்தை அப்படியே காட்டும். கேமரா புதிதாகவும் மென்பொருள் பழையதாகவும் இருந்து ஃபைல் திறக்கவே மறுத்தால், அடோபியின் இலவச டிஎன்ஜி கன்வெர்ட்டர் கைகொடுக்கும்.

கம்ப்யூட்டர் திணறுவதற்கு: இம்போர்ட்டில் முன்னோட்டத்தை ‘எம்பெடட் அண்ட் சைட்கார்’ ஆக வையுங்கள், கழிக்க வேண்டியதைக் கழிக்க அது போதும். கேட்டலாக்கை (லைட்ரூம் உங்கள் திருத்தங்களைப் பதிந்து வைக்கும் ஃபைல்) எஸ்எஸ்டியில் வையுங்கள். ராவில் செய்த திருத்தங்கள் ஃபைலுக்குள் போவதில்லை. கேட்டலாக்கிலோ பக்கத்தில் இருக்கும் எக்ஸ்எம்பி ஃபைலிலோ இருக்கும். ராவை மட்டும் பேக்கப் எடுத்துக் கேட்டலாக்கை விட்டால் ஒரு வார வேலை காணாமல் போகும்.

எதை எதில் எடுப்பது

எல்லாவற்றையும் ராவில் எடுக்கச் சொல்ல மாட்டேன். ஒரு கல்யாணத்துக்கு 2,500 படம் என்றால் ராவில் சுமார் 70 ஜிபி, ஜேபெக்கில் 25 ஜிபி. ஆண்டுக்கு 25 விசேஷம் என்று எழுதியிருக்கிறீர்கள், ராவில் 1.75 டிபி, இரண்டு நகல் வைத்தால் 3.5 டிபி. தொழிலில் இது செலவுக் கணக்கு.

மேடையில் வரிசையாக நின்று பரிசு கொடுத்துப் போகும் கூட்டம், பந்தி, மண்டப அலங்காரம்: வெளிச்சம் மாறாத இடத்தில் கெல்வினைக் கையால் வைத்து ஜேபெக்கிலேயே எடுங்கள். முகூர்த்தம், மணமக்கள் தனிப் படங்கள், விடியற்காலை மாப்பிள்ளை அழைப்பு, சன்னல் ஓரம், கோயில் கருங்கல் மண்டபம்: இங்கே ரா. இரண்டையும் மாற்ற ஒரு ஃபங்ஷன் பட்டனை ஒதுக்கிவிடுங்கள். ராவில் எடுக்கும்போது முதல் ஸ்லாட்டில் ரா, இரண்டாவதில் ஜேபெக். ஒரு கார்டு செத்தாலும் ஆல்பம் போட ஏதாவது இருக்கும். பிக்சர் ஸ்டைலை ‘நியூட்ரல்’ ஆக்கினால் ஹிஸ்டோகிராம் ரா எண்களுக்குச் சற்று நெருக்கமாகும். ஆனால் இரண்டாவது கார்டின் ஜேபெக் சப்பென்று இருக்கும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் முதல் படமாக கிரே கார்டை ஒரு முறை எடுத்துவிட்டால், பின்னால் அந்த இடத்துப் படங்கள் அத்தனைக்கும் ஒரே கிளிக்கில் நிறம் சரியாகும்.

ஃபைல்களைக் கேட்கும் வீட்டார்

உங்கள் கடிதத்திலேயே மிக ஆபத்தான நம்பிக்கை, “கேமரா என்னுடையது, உரிமையும் என்னுடையது” என்பது. இந்தியக் காப்புரிமை (காப்பிரைட்) சட்டம், 1957, படத்தை எடுத்தவரையே அதன் ஆசிரியர் என்கிறது. ஆனால் அதன் 17(பி) பிரிவின்படி, ஒருவர் கேட்டுப் பணம் கொடுத்து எடுக்கப்பட்ட போட்டோவுக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் காப்புரிமையாளர் அந்தப் பணம் கொடுத்தவர்தான். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் அந்த மணமக்கள் படங்களை அவர்கள் அனுமதியில்லாமல் உங்கள் ஸ்டுடியோவின் இன்ஸ்டாகிராமில் போடுவதற்குக்கூட உங்களுக்கு உறுதியான பிடிப்பு இல்லை.

அதற்காக ராவைக் கட்டாயம் கொடுத்தாக வேண்டும் என்றும் ஆகிவிடாது. காப்புரிமை யாருடையது என்பது ஒன்று, எந்த வடிவில் எதை ஒப்படைப்பதாகப் பேசினீர்கள் என்பது இன்னொன்று. இரண்டாவதைத் தீர்மானிப்பது உங்களுக்குள் நடந்த பேச்சு. இங்கேதான் “எல்லா போட்டோவும் தருகிறேன்” என்ற வாட்ஸ்அப் வரி உங்களைக் கடிக்கிறது. நீங்கள் திருத்திய படங்களைச் சொன்னீர்கள், அவர்கள் கார்டில் இருந்ததை எல்லாம் புரிந்துகொண்டார்கள். இரண்டு அர்த்தத்துக்கும் இடம் இருக்கிறது. விவகாரம் முற்றினால் அவர்கள் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சேவைக் குறைபாடு என்று மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். முன்பணம் வாங்கிய ரசீதும் அந்த வரியும் அவர்கள் கையில் இருக்கின்றன. அந்த நிலை வந்தால் உரையாடல் முழுவதையும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுப் பதில் எழுதுங்கள். அதுவரை எந்த மெசேஜையும் அழிக்க வேண்டாம்.

அந்த நிலைக்குப் போக வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். ராவைக் கொடுப்பதில் உங்களுக்கு உள்ள உண்மையான ஆபத்து ஒன்றுதான்: யாரோ ஒரு தம்பி அதில் பளபளக்கும் பிரீசெட் போட்டு, உங்கள் ஸ்டுடியோ பெயரோடு ஊரெல்லாம் பரப்புவது. அதை நிபந்தனையால் கட்டுப்படுத்தலாம். முதலில் அவர்கள் எதற்காகக் கேட்கிறார்கள் என்று நிதானமாகக் கேளுங்கள். பல வீட்டாருக்கு வேண்டியது முழு அளவு படம்தான். ‘ரா’ என்ற சொல்லை யாரிடமோ கேட்டு வைத்திருப்பார்கள். ஆல்பத்துக்குப் போகாத நல்ல படங்களையும் சேர்த்து 6000×4000 அளவில், எஸ்ஆர்ஜிபியில், குவாலிட்டி 90இல் ஜேபெக்காகக் கொடுக்க முன்வாருங்கள். அதோடு இரண்டு மூன்று ராவை மாதிரிக்கு அனுப்பி வையுங்கள். திறந்து பார்த்துவிட்டு “இது ஏன் இப்படி இருக்கிறது” என்று அவர்களே கேட்பார்கள்.

அப்போதும் வேண்டும் என்றால் கொடுத்துவிடுங்கள். கண் மூடியவை, சோதனைப் படங்கள் எல்லாவற்றையும் கழித்துவிட்டு, அவர்கள் வாங்கித் தரும் ஹார்டு டிஸ்க்கில். பாக்கி வந்த பிறகு ஒப்படைப்பு; திருத்தப்படாத ஃபைல் என்ற குறிப்பு; மற்றவர் திருத்திய படத்தில் ஸ்டுடியோ பெயர் போடக் கூடாது என்ற நிபந்தனை. இந்த மூன்றையும் ஒரே மெசேஜில் எழுதி, ‘சம்மதம்’ என்ற பதிலை வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த புக்கிங்கிலிருந்து ஒரு பக்கத் தாளில் இருவரும் கையெழுத்திடுங்கள். எத்தனை திருத்திய படங்கள், எந்த அளவில், எந்த நாளுக்குள். ரா ஃபைல் சேர்ந்ததா, தனிக் கட்டணமா. காப்புரிமை யாருக்கு, உங்கள் விளம்பரத்துக்குப் பயன்படுத்தச் சம்மதமா. ஆல்பம் ஒப்படைத்த பின் ஃபைல்களை எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். இல்லாவிட்டால் ஐந்து வருடம் கழித்தும் போன் வரும், 70 ஜிபியைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

32 ஜிபி கார்டுகளை உதவியாளருக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு 128 ஜிபி கார்டு வாங்குங்கள். இரண்டு வெவ்வேறு டிஸ்க்கில் நகல் எடுத்து, ரா ஃபைல்கள் சிலவற்றை உண்மையிலேயே திறந்து பார்த்த பிறகு மட்டும், கம்ப்யூட்டரில் அழிக்காமல் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். தவறி ஃபார்மேட் ஆகிவிட்டால் அந்தக் கார்டில் அதற்குப் பிறகு ஒரு படம்கூட எடுக்க வேண்டாம். மேலே எதுவும் எழுதப்படாத வரை மீட்க வாய்ப்பு உண்டு.